வாரண்டி முடிந்த ஆறாவது மாதம் நாற்காலிக் கால் முறிந்தது: கடையைக் கேட்க வழி உண்டா?

உச்சிப்புளி_தோப்புவீடு | 2025 மார்ச் 9

எல்லோருக்கும் வணக்கம். உச்சிப்புளியிலிருந்து அரியமான் போகும் வழியில் எங்கள் வீடு. வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்புதான் வரும்.

2023 ஆகஸ்ட் 19 அன்று மதுரையில் ஒரு பெரிய கடையில் தோட்டத்தில் போட ஒரு மேசை, ஆறு நாற்காலி, ஓர் ஊஞ்சல் வாங்கினோம். மொத்தம் 52,400 ரூபாய். வீடு கடலோரம் என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். "அதுக்குன்னே செஞ்சதும்மா, மழை வெயில் உப்பு எதுவும் ஒண்ணும் பண்ணாது" என்றார். ஒரு வருட வாரண்டி அட்டை கொடுத்தார்கள்.

போன பிப்ரவரி 2 அன்று அத்தை நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பின்கால் அப்படியே முறிந்தது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டில் எலும்பு விரிசல். மருத்துவச் செலவு 6,800 ரூபாய். அவருக்கு 71 வயது. இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை.

கடையில் கேட்டால் "வாரண்டி ஆகஸ்டோடு முடிந்துவிட்டது" என்கிறார்கள். கம்பெனிக்கு எழுதினால் "உப்புக் காற்றால் வரும் துரு எங்கள் பொறுப்பல்ல, சரியாகப் பராமரிக்கவில்லை" என்று பதில். மீதி ஐந்து நாற்காலியிலும் யாரையும் உட்காரவிடவில்லை. வாரண்டி முடிந்தால் எல்லாம் முடிந்ததா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி_வாசகி | 2025 மார்ச் 9

அத்தை எப்படி இருக்கிறார்? முதலில் அவரைக் கவனியுங்கள் அக்கா.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மொட்டை மாடியில் போட்ட இரும்பு பெஞ்சு இரண்டு வருடத்தில் செதில் செதிலாக உதிர்ந்து, கடைசியில் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போட்டோம். வாரண்டி போன பிறகு என்ன கேட்க முடியும் என்று நினைத்து பில்லைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. உங்களிடம் பில் இருக்கிறதா?

தங்கச்சிமடம்_பட்டறை | 2025 மார்ச் 10

தங்கச்சி, முறிந்த காலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். துடைக்கவோ, பெயின்ட் அடிக்கவோ, ஒட்டவைக்கவோ கூடாது. முறிந்த இடத்தில் குழாயின் உள்பக்கம் தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். காலின் அடியில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதையும் கழற்றாமல் படம் எடுங்கள். எனக்கு அது இரண்டையும் பார்க்க வேண்டும்.

பரமக்குடி_பர்னிச்சர் | 2025 மார்ச் 10

நானும் கடை வைத்திருப்பவன். 22 வருடமாகத் தொழில். எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு வருட வாரண்டி என்பது ஒரு வருடத்துக்கான விலை. ஐந்து வருடம் நிற்கிற சாமானும் என்னிடம் உண்டு. அதன் விலையைச் சொன்னால் பத்துப் பேரில் ஒருவர்தான் வாங்குவார். மற்றவர்கள் பக்கத்தில் இருக்கும் மலிவானதைத்தான் எடுக்கிறார்கள். அதைக் கடலோரத்தில் போட்டு, கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் ஒரு தார்ப்பாய்கூடப் போர்த்தாமல் விட்டுவிட்டு, துருப்பிடித்ததும் கடைக்காரனைத் திட்டுவது நியாயமா? அம்மாவுக்கு அடிபட்டது எனக்கும் வருத்தம்தான். ஆனால் 18 மாதத்துக்குப் பிறகும் கடைக்காரன் பொறுப்பு என்றால் எவனும் கடை நடத்த முடியாது.

உச்சிப்புளி_தோப்புவீடு | 2025 மார்ச் 10

பில் இருக்கிறது, அட்டை இருக்கிறது. விளம்பரத் தாளும் வீட்டு வரிக் காகிதங்களோடு கிடந்தது. "கடலோர வீடுகளுக்கு ஏற்றது, துருவே பிடிக்காது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும்" என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள்.

பரமக்குடி ஐயா, நீங்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நான் மலிவாகக் கேட்கவில்லை. இதைவிடக் குறைந்த விலையில் இரண்டு செட் காட்டினார்கள். "கடற்கரைக்கு இதுதான்" என்று சொன்னதால்தான் இதை எடுத்தேன். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தேன். ஐப்பசி மழையில் திண்ணைக்கு ஏற்றிவிடுவோம்.

படங்கள் போட்டிருக்கிறேன். வெளியே பூச்சு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. முறிந்த இடத்தில் உள்ளே பார்த்தால் மண்வெட்டி போட்ட செம்மண் மாதிரி இருக்கிறது.

தங்கச்சிமடம்_பட்டறை | 2025 மார்ச் 11

நினைத்தது சரிதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

துரு இரண்டு வகையில் வரும். ஒன்று வெளியிலிருந்து உள்ளே போவது. பூச்சில் கீறல் விழும், அந்த இடத்தில் உப்புப் படியும், இரவு ஈரத்தில் உப்பு நீராகும், பூச்சுக்கு அடியில் துரு ஊர்ந்து போகும், பூச்சு கொப்புளமாகக் கிளம்பும். அதில் வீட்டுக்காரரின் பராமரிப்புக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. கழுவித் துடைத்து, கீறலில் உடனே ரெட் ஆக்சைடு என்ற துருத் தடுப்பு பெயின்ட் வைத்தால் தள்ளிப்போகும்.

இன்னொன்று உள்ளிருந்து வெளியே வருவது. உங்களுடையது அதுதான். பவுடர் கோட்டிங் என்பது பெயின்ட் மாவைத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு. அதைச் செய்யும்போது மாவு குழாயின் வெளிப்பக்கத்தில்தான் ஒட்டும், உள்ளே போகாது. அதனால் கடலோரத்துக்குச் செய்கிறவன் குழாயின் முனையை முழுதாக வெல்டிங் வைத்து அடைக்க வேண்டும். இல்லை என்றால் குழாயை உருக்கிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும், அப்போது உள்ளேயும் பூச்சு ஏறும். உங்கள் நாற்காலியில் இரண்டும் இல்லை. முனையைத் திறந்தே விட்டு ஒரு பிளாஸ்டிக் புஷ், அதாவது அந்தக் கறுப்பு மூடியை, சொருகியிருக்கிறார்கள். அது தண்ணீரை உள்ளே விடும், வெளியே விடாது. உப்புத் தண்ணீர் காலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு நின்றுகொண்டே இருக்கும். படத்தில் முறிவு தரையிலிருந்து சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கிறது, பாருங்கள்.

"சரியாகப் பராமரிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார்களே, அவர்களிடம் கேளுங்கள்: குழாயின் உள்பக்கத்தை எந்தத் துணியால் துடைப்பது? வாங்கிய முதல் நாளே இருந்த குறை இது. 18 மாதம் கழித்து வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. எவர்சில்வர் என்று சொல்லி விற்பதையும் நம்பிவிடக் கூடாது. 202 என்ற ரகத்தில் நிக்கல் குறைவு, அதற்குப் பதில் மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். 304இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கடலோரத்துக்கு உருப்படியானது 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்பைத் தாங்குவது அதனால்தான். காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டவில்லை, நல்ல ரகம்" என்று வாங்குகிறார்கள். 202இலும் காந்தம் ஒட்டாது. பில்லில் ரகத்தின் எண்ணை எழுதி வாங்குவது ஒன்றுதான் வழி.

கீழக்கரை_காக்கா | 2025 மார்ச் 12

பட்டறைத் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

நம் கடற்கரை எப்படிப்பட்டது என்று யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைக் காப்பாற்ற எத்தனை தலைமுறை பெயின்ட் அடித்தது! கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். இப்போது கட்டியிருக்கும் புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று போட்டிருக்கிறார்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் ஒரு நிலையமே உண்டு. உலோகத் தகடுகளை நம் கடற்காற்றிலும் கடல்நீரிலும் வைத்து எவ்வளவு அரிக்கிறது என்று அங்கே அளக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு சாமானை "கடலோரத்துக்கு ஏற்றது" என்று விற்றுவிட்டு, பிறகு "உப்புக் காற்று எங்கள் பொறுப்பல்ல" என்றால் என்ன அர்த்தம்? மழையில் நனைய மாட்டீர்கள் என்று குடை விற்றவன், மழை பெய்ததால் நனைந்தீர்கள் என்று சொல்வது போலத்தான்.

என் அனுபவம்: இணையத்தில் பிளாஸ்டிக் பிரம்பில் பின்னிய சோபா வாங்கினேன். 14 மாதத்தில் வெயில் பட்டு, பிரம்பு பொரி மாதிரி உடைந்து மடியில் கொட்டியது. விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் வந்தது, தீர்வு வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் பதிந்தேன். மூன்று வாரத்தில் பாதிப் பணம் வந்தது. மனது ஆறவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டேன். உம்மாவுக்கு உடல்நலம் இல்லாத நேரம் அது. அலைய முடியவில்லை.

ராமநாதபுரம்_வக்கீல் | 2025 மார்ச் 13

நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறவன். பொதுவாகச் சொல்கிறேன், காகிதங்களை நேரில் பார்த்துதான் முடிவு சொல்ல முடியும்.

முதலில், வாரண்டி அட்டை என்பது விற்பவர் தாமாகக் கொடுக்கும் கூடுதல் வாக்குறுதி. சட்டம் கொடுக்கும் உரிமை வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 2(10) 'குறைபாடு' என்றால் என்ன என்று சொல்கிறது. சட்டத்தின்படியோ, வெளிப்படையான அல்லது உட்கிடையான ஒப்பந்தத்தின்படியோ, வியாபாரி சொல்லிக்கொண்டபடியோ இருக்க வேண்டிய தரத்தில் எந்தக் குறை இருந்தாலும் அது குறைபாடுதான். வாரண்டிக் காலத்துக்குள் தெரிய வேண்டும் என்று அந்த வரையறையில் எங்கும் இல்லை.

அதற்கு முந்தியது 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம். பிரிவு 16: எந்த நோக்கத்துக்கு வாங்குகிறோம் என்று விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், சரக்கு அந்த நோக்கத்துக்குப் போதுமான அளவு பொருந்த வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. சகோதரி "வீடு கடலோரம்" என்று இரண்டு தடவை சொன்னேன் என்கிறார். இந்தப் பிரிவுக்கு அந்தப் பேச்சுதான் உயிர். எழுத்தில் இல்லாவிட்டாலும், கூட இருந்தவர் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். விளம்பரத் தாளும் அதற்குத் துணை நிற்கும்.

அந்தத் தாளை இன்னொரு விதத்திலும் பயன்படுத்தலாம். ஒரு பொருளின் செயல்திறனுக்கோ, அது எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கோ, முறையாகச் சோதித்துப் பார்க்காமல் உத்தரவாதம் கொடுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019 சட்டத்தின் பிரிவு 2(47). "சோதித்துத்தான் சொன்னோம்" என்று எதிர்தரப்பு சொன்னால் அதை நிரூபிக்கும் சுமை அவர்களுடையது. உங்களுடையது அல்ல. ஆகவே அவர்களுக்கு முதல் கடிதத்திலேயே கேளுங்கள்: "கடலோரத்துக்கு ஏற்றது என்று எந்தச் சோதனையின் அடிப்படையில் அச்சடித்தீர்கள்? அறிக்கையின் நகல் கொடுங்கள்." 5 சதவீத உப்புக் கரைசலைப் பனியாகத் தெளித்துப் பார்க்கும் சோதனை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செய்திருந்தால் காகிதம் இருக்கும்.

அத்தைக்குப் பட்ட காயம் தனிக் கணக்கு. 2019 சட்டத்தில் 'பொருள் பொறுப்பு', அதாவது குறையுள்ள பொருளால் நேரும் தீங்குக்கு ஈடு, என்று தனி அத்தியாயம் உண்டு. பலர் நாற்காலி உடைந்ததற்கே அதன்கீழ் கேட்டுவிடுகிறார்கள். அது தவறு. பிரிவு 2(22)இன்படி பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அதில் சேராது. உடல் காயமும், அதனால் வந்த மன வேதனையும் சேரும். எனவே நாற்காலி விலையைக் 'குறைபாடு' என்றும், மருத்துவச் செலவையும் வலியையும் 'பொருள் பொறுப்பு' என்றும் ஒரே மனுவில் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

காலக்கெடு: வழக்குமூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு, பிரிவு 69. இதில்தான் பலர் தோற்கிறார்கள். அது எந்த நாள்? குறை தெரிந்த நாள் என்று நாம் வாதிடலாம். வாங்கிய நாள் என்று அவர்கள் வாதிடுவார்கள். கடிதம் போட்டுக்கொண்டே இருந்தால் கெடு நீளும் என்று நினைக்க வேண்டாம், நீளாது. அந்தச் சண்டைக்கே இடம் வைக்காமல், வாங்கிய தேதியிலிருந்து இரண்டு ஆண்டுக்குள், அதாவது இந்த ஆகஸ்ட் 18க்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.

எங்கே? நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மதுரைக்கு அலைய வேண்டாம், ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் (கமிஷன்) போதும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

பரமக்குடி_பர்னிச்சர் | 2025 மார்ச் 13

வக்கீல் சார், ஒரு கேள்வி. செய்தது கம்பெனி. நான் பெட்டியைப் பிரித்து விற்பவன். கடைப் பையன் ஆர்வத்தில் "உப்பு ஒண்ணும் பண்ணாது" என்று சொன்னால் அது என் தலையிலா விடியும்?

ராமநாதபுரம்_வக்கீல் | 2025 மார்ச் 13

ஆமாம், விடியலாம். தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மேல் விற்பவர் தனியாக ஓர் உத்தரவாதம் கொடுத்து, பொருள் அதன்படி இல்லாமல் போய்த் தீங்கு நேர்ந்தால், விற்பவரும் பொறுப்பு என்று பிரிவு 86 சொல்கிறது. பையன் உங்கள் கடையில் நின்று சொல்வது உங்கள் சொல்தான். "இது கடலோரத்துக்கு ஒரு வருடம்தான் தாங்கும்" என்று உள்ளதைச் சொல்லி, பில்லில் எழுதி விற்றால் உங்களுக்குப் பயமே இல்லை.

பரமக்குடி_பர்னிச்சர் | 2025 மார்ச் 14

யோசித்துப் பார்த்தேன். பட்டறைக்காரர் சொன்ன புஷ் விஷயம் எனக்குத் தெரியாது, உண்மையாகவே தெரியாது. குடோனில் இருந்த நாற்காலிகளை இன்று கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று கம்பெனிச் சரக்கில் இரண்டில் முனை திறந்துதான் இருக்கிறது. தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி என்று முகவரி சொல்கிறவர்களுக்கு இனி அந்த இரண்டையும் காட்டப் போவதில்லை. நேற்று கோபமாக எழுதியதற்குச் சகோதரி மன்னிக்க வேண்டும்.

ராமேஸ்வரம்_மூன்றறை | 2025 மார்ச் 15

வீட்டின் முன்பகுதியில் மூன்று அறைகளை யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். நானும் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறோம், பெருக்க ஓர் அம்மா வருவார். முற்றத்துக்கு வாங்கிய எட்டு நாற்காலியில் மூன்று போய்விட்டன. "நீங்கள் தொழிலுக்கு வாங்கியவர், நுகர்வோரே இல்லை" என்கிறது கடை. அப்படியா சார்?

ராமநாதபுரம்_வக்கீல் | 2025 மார்ச் 15

வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று, நுகர்வோர் யார் என்று சொல்லும் அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது. 1995இல் லட்சுமி என்ஜினீயரிங் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி விரிவாகப் பேசியது. தானே உழைத்துப் பிழைக்கிறவர் ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் நுகர்வோர் என்ற தகுதி போய்விடாது. ஒவ்வொரு வழக்கிலும் உண்மை நிலவரத்தைப் பார்த்துதான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. மூன்று அறை, நீங்கள் இருவர், பெருக்க ஒருவர். வாதிட இடம் இருக்கிறது. மனுவின் முதல் பத்தியிலேயே "இதுவே எங்கள் பிழைப்பு" என்று தெளிவாக எழுதுங்கள். அதை விட்டுவிட்டுப் பின்னால் சேர்க்க முயன்றால் எடுபடாது.

உச்சிப்புளி_தோப்புவீடு | 2025 மார்ச் 16

ஒன்று கிடைத்திருக்கிறது. என் கணவர் பழைய கைபேசியைத் தேடிப் பார்த்தார். 2024 ஜூன் 11 அன்று ஒரு நாற்காலியின் காலடியில் பழுப்பு நிறத்தில் நீர் கசிந்திருந்ததைப் படம் எடுத்துக் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறார். "இது சகஜம், மெழுகு தேய்த்துத் துடையுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. எனக்கு இது மறந்தே போய்விட்டது. அப்போது வாரண்டி இருந்தது அல்லவா?

ராமநாதபுரம்_வக்கீல் | 2025 மார்ச் 16

சகோதரி, இதை முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிப் பதிலை நான் எழுதியிருக்க வேண்டியதில்லை. வாரண்டிக் காலத்துக்குள் நீங்கள் குறையைத் தெரிவித்துவிட்டீர்கள். அவர்கள் வந்து பார்க்காமல் சகஜம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி "வாரண்டிக்குப் பிறகு வந்த புகார்" என்று அவர்கள் சொல்ல முடியாது. அதே கசிவுதான் எட்டு மாதத்தில் கால் முறியக் காரணம் என்று காட்டினால் போதும்.

அந்தக் கைபேசியை விற்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். உரையாடலை முழுதாக, தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி எடுத்து வையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63இன்படி மின்னணுப் பதிவுக்கு ஒரு சான்று இணைக்க வேண்டும். மனுவோடு அதையும் கொடுத்துவிடுங்கள்.

தங்கச்சிமடம்_பட்டறை | 2025 மார்ச் 16

பழுப்பு நீர் கசிந்தது என்றாலே உள்ளே துரு கரைந்து வழிகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஒரு வெல்டரிடம் காட்டியிருந்தால் சொல்லியிருப்பான். மெழுகு தேய்க்கச் சொன்னவரும் சாமானைப் பற்றித் தெரியாமல்தான் சொல்லியிருக்கிறார். மற்ற நாற்காலிகளையும் கவிழ்த்து, ஒவ்வொரு காலையும் ஆணியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் பரவாயில்லை. சத்தம் மொத்தையாக வந்தால் உள்ளே தின்றுவிட்டது. தட்டுவதையும் ஒலியோடு வீடியோ எடுத்து வையுங்கள்.

உச்சிப்புளி_தோப்புவீடு | 2025 ஏப்ரல் 20

ஆறில் நான்கு நாற்காலி மொத்தை. ஊஞ்சலின் ஒரு காலும் அப்படித்தான். தங்கச்சிமடம் அண்ணன் நேரில் வந்து பார்த்து, தன் கையால் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வண்டிக்குப் பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை.

1915இல் பதிந்தோம். 12 நாளில் கம்பெனி பதில் சொன்னது: புது செட் வாங்கினால் 20 சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம்! அதே நாற்காலி. சோதனை அறிக்கை கேட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அத்தை கட்டுப் பிரித்துவிட்டார். ஆனால் இன்னும் தோசை திருப்பக் கை வரவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தள்ளுபடிக் கடிதம் ஞாபகம் வருகிறது.

தொண்டி_வாசகி | 2025 ஏப்ரல் 20

நல்ல வேளை அக்கா, வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அதையே தீர்வு என்று சொல்லியிருப்பார்கள்.

கீழக்கரை_காக்கா | 2025 ஏப்ரல் 21

என்னைப் போலப் பாதியில் விட்டுவிட வேண்டாம் மகளே. கமிஷனில் போடுங்கள். எனக்கு அன்று இந்த விவரமெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

உச்சிப்புளி_தோப்புவீடு | 2025 ஜூன் 29

நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மனுவைப் பதிவேற்றிவிட்டோம். கடை முதல் எதிர்மனுதாரர், கம்பெனி இரண்டாவது. கட்டணம் எதுவும் கேட்கவில்லை. வக்கீல் சார் சொன்னபடி பொருளுக்குத் தனி, காயத்துக்குத் தனி என்று எழுதினோம். மனுவை எழுத எனக்கும் என் கணவருக்கும் நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கடினமாக இருந்தது தேதிகளை வரிசைப்படுத்துவதுதான். பில், வாட்ஸ்அப், முறிந்த நாள், மருத்துவச் சீட்டு, 1915 பதிவு என்று ஒரே தாளில் வரிசையாக எழுதிக்கொண்ட பிறகு மற்றது தானாக வந்தது.

ஒரு சந்தேகம். குழாயை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வார்களா?

ராமநாதபுரம்_வக்கீல் | 2025 ஜூன் 30

சொல்லலாம். சோதிக்காமல் தீர்மானிக்க முடியாத குறை என்று ஆணையம் நினைத்தால் மாதிரியை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும். கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லக்கூடும். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். நாமே கேட்பதும் நல்லதுதான். துரு உள்ளிருந்து தொடங்கியது என்று அறிக்கை சொல்லிவிட்டால் பராமரிப்பு வாதம் அதோடு விழுந்துவிடும்.

எதிர்தரப்புக்குப் பதில் போட 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் தர ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. தேதியைக் குறித்து வையுங்கள்.

உச்சிப்புளி_தோப்புவீடு | 2025 நவம்பர் 16

தாமதத்துக்கு மன்னிக்கவும். முடிந்துவிட்டது.

கடை சார்பில் ஒருவர் வந்தார், கம்பெனி வக்கீல் வைத்தது. ஆய்வகத்துக்கு அனுப்ப நாங்கள் மனு கொடுத்த அடுத்த வாய்தாவிலேயே அவர்கள் சமரசத்துக்கு வரத் தயார் என்றார்கள். ஆணையம் இரு தரப்பும் சம்மதித்த பிறகு சமரசத்துக்கு அனுப்பியது. இரண்டு அமர்வு. ஆறு நாற்காலிக்கும் ஊஞ்சலுக்கும் முழு விலை, அத்தையின் மருத்துவச் செலவு, அதற்கு மேல் வலிக்காக 15,000 ரூபாய். மேசை நன்றாக இருக்கிறது, அதை நாங்களே வைத்துக்கொண்டோம். மன வேதனைக்கு நாங்கள் கேட்டது இதைவிட அதிகம். அத்தைதான் "போதும்டி, வாங்கிட்டு வா" என்றார்.

சமரசத் தாளில் "பொருளில் குறை இல்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அதை அடித்தால்தான் கையெழுத்து என்று நின்றேன். அரை மணி நேரம் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து அடித்தார்கள். இப்படிப் போகிறவர்கள் தாளை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

இப்போது திண்ணையில் பனைநார்க் கட்டில் ஒன்று போட்டிருக்கிறோம். அத்தை கீரை ஆய்வது அதில்தான்.

தங்கச்சிமடம்_பட்டறை | 2025 நவம்பர் 16

ரொம்பச் சந்தோஷம் தங்கச்சி. அந்த முறிந்த கால் இனி வேண்டாம் என்றால் எனக்குக் கொடுங்கள். பட்டறையில் மாட்டிவைக்கிறேன். முனையை ஏன் அடைக்கச் சொல்கிறேன் என்று வேலை பழகும் பையன்களிடம் வாயால் சொன்னால் ஏறுவதில்லை.

ராமேஸ்வரம்_மூன்றறை | 2025 நவம்பர் 18

என்னுடையது இன்னும் நடக்கிறது. நான் நுகர்வோர்தானா என்பதில்தான் வாதம் நிற்கிறது. அடுத்த வாய்தா டிசம்பரில்.

இதற்கிடையில் உட்கார ஏதாவது வேண்டுமே என்று பரமக்குடி அண்ணன் கடைக்கே போய் நான்கு அலுமினிய நாற்காலி எடுத்தேன். கேட்காமலே கவிழ்த்துக் காட்டினார், முனை வெல்டிங் வைத்து அடைத்திருந்தது. பில்லில் அவர் கையால் எழுதிக் கொடுத்ததை அப்படியே தருகிறேன்: "ராமேஸ்வரம் கடற்கரையில் திறந்தவெளியில் பயன்படுத்துவதற்காக விற்கப்பட்டது. நாற்காலியின் சட்டகம் அலுமினியம், திருகுகள் 316 ரகம். துருவுக்கு 3 ஆண்டு கடையின் பொறுப்பு."